துட்டி சிடி திரும்பி வராது

மதுரையில் கல்யாணம் செய்த எந்த வீட்டாரையும் கேட்டுப் பாருங்கள், சூடாமணி என்று ஒரு பெண்ணைத் தெரியவே தெரியாது என்பார்கள். ஆனால் அந்த வீட்டுக் கல்யாணத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். மாப்பிள்ளைகூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கமாட்டான். அவன் கண்ணில் ஓமப்புகை.

சிம்மக்கல்லில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டுடியோ இருந்தது. இரண்டாயிரத்து மூன்று, நாலு வாக்கில் நடந்ததைச் சொல்கிறேன். முதலாளி அழகுராஜாவை நான் அண்ணே என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். முறை இடிக்கும்தான். மதுரையில் யார் அதைப் பார்க்கிறார்கள்? அவர் வீடியோ எடுப்பார், நான் மிக்சிங். அதாவது எடுத்து வந்ததை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பொண்ணு மாப்பிள்ளை தலைக்கு மேல் ரோஜாப்பூவைப் பறக்கவிடுகிற வேலை. அந்தப் பாவமெல்லாம் என் கணக்கில்தான் சேரும். நான் முடித்ததும் கம்ப்யூட்டரில் வரிசையாக சிடி போட்டுக் காப்பி எடுப்போம். எடுத்த காப்பி ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறதா என்று ஓட்டிப் பார்ப்பது சூடாமணி அக்காவின் வேலை.

காப்பி எடுத்த கம்ப்யூட்டரே சரிபார்த்து, எல்லாம் சரி என்று ஒரு செய்தி காட்டும். அதை நம்பி ஆரம்பத்தில் கொடுத்துப் பட்டிருக்கிறோம். எங்கள் கம்ப்யூட்டரில் வழுக்கிக்கொண்டு ஓடிய சிடி சோழவந்தானில் ஒரு வீட்டு பிளேயரில் சம்பந்தி சாப்பிடும்போது நின்று, வாயும் கையுமாக அவர் அப்படியே உறைந்துபோக, பெரிய வருத்தமாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அழகுராஜா அண்ணன் ஊரில் கிடைக்கிற மட்டமான பிளேயராகப் பார்த்து மூன்று வாங்கி, மூன்று பழைய டிவியோடு ஒரு மூலையில் வைத்து, ஆள் தேடினார்.

சூடாமணி அக்காவுக்குச் செல்லூர். சௌராஷ்டிரக் குடும்பம். புருஷன் விசைத்தறியில் இருந்தார், ஒரு காய்ச்சலில் போய்விட்டார். அக்கா அதன்பிறகு தறிக்குப் பாபின் சுற்றிக்கொண்டிருந்தது. நூல் தூசி நெஞ்சில் இறங்கி, இரவெல்லாம் வீசிங். டாக்டர், ஒன்று தறியை விடு இல்லை மூச்சை விடு என்கிற மாதிரி சொல்லிவிட்டாராம். கல்லூரியில் படிக்கிற ஒரு மகள் வேறு. உட்கார்ந்து டிவி பார்க்கிற வேலை என்றதும் அக்காவுக்கு நம்பிக்கையே வரவில்லை. அதற்குச் சம்பளமா தருவார்கள் என்று கேட்டதாம்.

ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. மூன்று டிவியிலும் மூன்று கல்யாணம் ஒரே நேரத்தில் ஓடும். வேகமாக ஓட்டவேண்டும், ஆனால் தாலி கட்டும் இடம் வந்தால் நிறுத்தி நிதானமாகப் பார்க்கவேண்டும். படம் கட்டம் கட்டமாக உடைகிறதா, வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போகிறதா, நாதஸ்வரம் விக்குகிறதா என்று பார்க்கவேண்டும். ஓட்டும் முன்னால் அக்கா ஒவ்வொரு சிடியையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஊசி முனை அளவு ஓட்டையாவது தெரிகிறதா என்று பார்க்கும். மதியத்துக்கு மேல் கண் சிவந்து நீர் கொட்டும். வண்டியூர் தெப்பக்குளத்தில் இப்போது தண்ணீர் கிடக்கிறதா என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அக்காவைக் கேட்கலாம், ஏனென்றால் மதுரையில் பாதி ஜோடிகள் அந்தப் படிக்கட்டில் நின்றுதான் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பார்த்துப் பார்த்து அக்காவுக்குச் சலித்துவிட்டது. கல்யாணம் நல்லாயிருக்கா என்று நான் கிண்டலாகக் கேட்டால், ஓடுது தம்பி என்று மட்டும் சொல்லும். சிடி எங்காவது நின்றால் மட்டும் அவர்கள் பாஷையில் ஏதோ முணுமுணுக்கும். எனக்குப் புரியாது. வசவாகத்தான் இருக்கும்.

தேறாத சிடியை அக்கா சுவரில் இருந்த கம்பியில் கோர்த்துவிடும். ஊர்ப்பக்கமிருந்து வருகிறவர்கள் மயிலும் கிளியும் வயலில் இறங்காமல் இருக்கக் கட்டித் தொங்கவிட அதைக் கேட்டு வாங்கிப்போவார்கள். தேறிய சிடி அழகுராஜா அண்ணனின் மனைவி பாண்டீஸ்வரியின் மேஜைக்குப் போகும். கல்யாணம் என்றால் மூன்று சிடி. அதில் நடுவில் உள்ள முகூர்த்தச் சிடிக்கு மட்டும் பாண்டீஸ்வரி நடு ஓட்டையை ஒட்டி மேல்பக்கத்தில் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியில் அடுக்குவாள். துட்டி வீட்டு, அதாவது சாவு வீட்டு, சிடிக்குப் பொட்டு கிடையாது. ஆமாம், எங்கள் பக்கம் துட்டிக்கும் வீடியோ எடுப்பார்கள். வெளிநாட்டில் இருக்கிற மகனோ மருமகனோ வரமுடியாவிட்டால் தேர் கட்டியது, கொட்டு அடித்தது, மாலை போட்டவர்கள் முகம் எல்லாம் அவனுக்குப் போய்ச்சேர வேண்டும். சாவில் யார் குங்குமம் வைப்பார்கள்?

பொட்டு வைக்கும் பழக்கம் அக்கா வேலைக்கு வந்த பிறகுதான் வந்தது. நான் அதை ரொம்ப நாள் யோசித்துப் பார்க்கவே இல்லை. ஏவாரத்துக்கு நல்லது என்று வைக்கிறாள் போல என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் ஆவணியில் கல்யாணம் கொட்டியது. சிடி செலவு கையைக் கடிக்கிறது என்று அண்ணன் வழக்கமாக வாங்குவதை விட்டுவிட்டு, மேலே ஒரு பெயர்கூட அச்சடிக்காத மலிவுச் சரக்கைச் சாக்குக் கணக்கில் இறக்கினார். அக்கா ஓட்டிப் பார்த்தது, ஓடியது. கழிவு ஒன்றிரண்டு கூடத்தான் வந்தது. அதை எல்லாம் கம்பியில் கோர்த்தது. புரட்டாசி பாதியில் முதல் புகார் வந்தது. முகூர்த்தச் சிடியைப் போட்டால் பிளேயரில் ‘நோ டிஸ்க்’ என்று வருகிறது, படமே இல்லை. அவர்களிடம் கெடாமல் இருந்த இன்னொரு செட்டிலிருந்து காப்பி எடுத்து மாற்றிக் கொடுத்தோம். பிறகு இன்னொன்று. ஐப்பசியில் வாரத்துக்கு ஒருவராவது பையோடு மாடிப்படி ஏறினார்கள். எல்லாம் முகூர்த்தச் சிடிதான். பெண் அழைப்பு ஓடுகிறது, விருந்து ஓடுகிறது, தாலி கட்டுவது மட்டும் ஓடமாட்டேன் என்கிறது. கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்?

கார்த்திகையில் தேனூர் சோணைமுத்து வந்தார். ஆவணியில் மகளைக் கட்டிக்கொடுத்தவர், சொந்தபந்தத்துக்கெல்லாம் கொடுக்க நிறைய செட் வாங்கிப்போயிருந்தார். அவ்வளவு செட்டிலும் முகூர்த்தம் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டில், தாலி கட்டியதே ஓடவில்லையே, இந்தச் சம்பந்தம் எப்படி ஓடும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்களாம். மகள் அழுதுகொண்டே போன் பண்ணினாளாம். அந்த மனிதர் சத்தம் போடவில்லை, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சத்தம் போடும் வேலையை அவர் தங்கச்சி முருகம்மாள் எடுத்துக்கொண்டாள். மூலையில் மூன்று டிவிக்கு முன்னால் இருந்த அக்காவையும், வெறுமையாக இருந்த அக்காவின் நெற்றியையும் பார்த்தாள்.

“இந்த அம்மாதான் எல்லாத்தையும் தொட்டுப் பார்த்துக் குடுக்குதா?” என்றாள். அண்ணன் ஏதோ மழுப்பினார். “அப்புறம் எப்படிய்யா ஓடும்? நல்ல காரியத்துக்கு ஒரு கைராசி பாக்க வேணாமா?”

நாதஸ்வரம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எட்டி ஒலியைக் குறைத்தது.

எங்களிடம் தேனூர்க் கல்யாணம் இல்லை என்பதுதான் இதில் கொடுமை. டேப்பின்மேல் அப்போதே அடுத்த கல்யாணம் ஏறிவிட்டது. கம்ப்யூட்டரில் இடம் போதாமல் டெலிவரி ஆன மறுநாளே அழித்துவிடுவோம். அண்ணன் வெள்ளிக்கிழமைக்குள் தருகிறேன் என்று வாய் கூசாமல் சொல்லி அனுப்பிவைத்தார். எதை வைத்துத் தருவார் என்று அவருக்கே தெரியாது.

அவர்கள் இறங்கிப் போனதும் பாண்டீஸ்வரி புருஷனை உள்ளே கூப்பிட்டுப் பேசினாள். உள்ளே என்பது ஒரு பிளைவுட் தடுப்புக்கு அந்தப்பக்கம். பேசியது முழுக்க எங்களுக்குக் கேட்டது. அடுத்த மாதத்திலிருந்து கல்யாணச் சிடி பார்க்க வேறு பிள்ளையைப் போடலாம், அக்கா துட்டி சிடி மட்டும் பார்க்கட்டும் என்றாள். பாண்டீஸ்வரி கெட்டவள் இல்லை. மத்தியானம் அக்காவுக்கும் சேர்த்துக் குழம்பு கொண்டுவருவாள், அக்கா மகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அதனால்தான் எனக்கு அன்றைக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. துட்டி எத்தனை விழும்? அதை வைத்து அரைச் சம்பளம்கூடத் தேறாது. அக்கா திரும்பவும் பாபினுக்குத்தான் போகவேண்டும், திரும்பவும் நெஞ்சில் தூசிதான்.

மறுநாள் காலையில் நான் போனபோது அக்கா டிவி எதையும் போடாமல் உட்கார்ந்திருந்தது. தேனூர்க்காரர் விட்டுப்போன பையைக் கவிழ்த்து, அந்த முகூர்த்தச் சிடிகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தது.

“தம்பி, துட்டி சிடி ஒண்ணாச்சும் இதுவரைக்கும் திரும்பி வந்திருக்கா?”

செத்தவர் எழுந்து வந்து புகார் சொன்னால்தான் உண்டு என்றேன். அக்கா சிரிக்கவில்லை. களைத்த கண்ணோடு என்னையே பார்த்தது.

“கிண்டல் பண்ணாத. யோசிச்சுச் சொல்லு. அதுவும் இதே சிடிதான, இதே கைதான பாக்குது?”

யோசித்தேன். ஒன்றுகூட வந்ததில்லை. அதே சாக்குச் சரக்கு, அதே கம்ப்யூட்டர், அதே அக்கா. கல்யாணத்திலும் முதல் சிடி, மூன்றாம் சிடி வந்ததில்லை. அக்கா ஒரு சிடியை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தது. நடு ஓட்டைக்குப் பக்கத்தில் மல்லி விதை அளவுக்கு வெளிச்சம் இந்தப்பக்கம் வந்தது. இன்னொன்றைப் பிடித்தது, அதிலும் அதே இடத்தில் வெளிச்சம். பிறகு உறையை என் கையில் கொடுத்தது. உறையின் உள்பக்கம் காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்தது, சந்தனத்தின் முதுகில் வெள்ளி மாதிரி ஒரு மினுக்கம். சிடியிலிருந்த பூச்சுதான் அது. சந்தனம் காய்ந்து உறையோடு ஒட்டிக்கொள்கிறது. சிடியை உருவும்போது பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வருகிறது. பழைய சரக்கில் மேல்பூச்சு கனமாக இருந்ததால் தாங்கியது, மலிவுச் சரக்கு தாங்கவில்லை. சிடி படிக்க ஆரம்பிக்கிற இடமே அந்த ஓட்டையை ஒட்டித்தான். அங்கே பொத்துப்போனால் பிளேயருக்கு உள்ளே சிடி இருப்பதே தெரியாது.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து சுவருக்குப் போய்விட்டது. கம்பியில் கோர்த்திருந்த கழிவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மேலே எழுதியிருந்ததைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தது. கழித்துப்போட்ட சிடிக்கு யாரும் பொட்டு வைப்பதில்லையே. ஊர்க்காரர்கள் யாராவது கிளி விரட்டக் கொண்டுபோயிருந்தால் எல்லாம் முடிந்தது. ஏறக்குறைய அடியில், தூசி படிந்து, இருந்தது தேனூர் முகூர்த்தம். பிளேயரில் போட்டோம். ஓடியது. சோணைமுத்து மகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள், மாப்பிள்ளை தாலி கட்டினான், எல்லாம் தெளிவாக வந்தது. கொஞ்சம் தள்ளி அட்சதை போட வந்த ஒரு பெரியவர் முகம் மட்டும் ஒரு கணம் கட்டம் கட்டமாக உடைந்து சேர்ந்தது. அதற்காகத்தான் அக்கா அதைக் கழித்திருந்தது.

அண்ணன் வந்ததும் நான்தான் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலிவுச் சரக்கு வாங்கியது யார் என்று அவருக்கே தெரியும், அதனால் சத்தம் வரவில்லை. பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டு, இனிமேல் சிடியில் பொட்டு வைக்காதே என்றார்.

“பொட்டு வைக்காம எப்படிங்க குடுக்கிறது?” என்றாள்.

முன்னாடியெல்லாம் வைக்காமல்தானே கொடுத்தோம் என்றார் அண்ணன்.

“முன்னாடி வேற,” என்று சொல்லிவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள். என்ன வேறு என்று சொல்லவில்லை. இந்த மரமண்டைக்கு, அதாவது எனக்கு, அப்போதுதான் விளங்கியது.

சூடாமணி அக்கா தரையிலிருந்த சிடிகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே சொன்னது. குரலில் கோபம் இல்லை. கோபப்படக்கூடத் தெம்பு இல்லாத குரல்.

“எனக்குத் தெரியும் பாண்டீஸ்வரி. என் கை பட்டதுக்குத்தான நீ பொட்டு வைக்கிற. வந்த மாசமே தெரியும்.”

பாண்டீஸ்வரி முகம் செத்துப்போனது. நான் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை அக்கா, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், ஏவாரம் இல்லையா என்று ஏதேதோ சொன்னாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழவேண்டியவள் அழாமல் இருக்க, இவள் அழுதாள்.

“அழாத. வைக்கிறதுன்னா பெட்டி மேல வையி,” என்றது அக்கா. “சிடி என்ன பாவம் பண்ணுச்சு?”

அவ்வளவுதான் நடந்தது. வேறு பிள்ளையைப் போடும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. ஒரு வாரம்போல பொட்டே இல்லாமல் பெட்டிகள் போயின. அப்புறம் ஒருநாள் பார்த்தால் சந்தனக் கிண்ணம் மேஜைக்குத் திரும்பியிருந்தது. பெட்டியின் மேல் மூடியில், அழகாக, நடுவில், பொட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அதைப் பார்த்தது, பார்த்துவிட்டுக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டது. சொட்டு மருந்துக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம்.

தேனூர் சிடியை அந்த வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிட்டோம். கழிவிலிருந்து எடுத்து, உடைந்த அந்தப் பெரியவர் முகத்துக்கு மேலே ஒரு ரோஜாப்பூவைப் பறக்கவிட்டேன். என் வாழ்நாளில் உபயோகமாகப் பறந்த ரோஜாப்பூ அது ஒன்றுதான். காப்பி ஒவ்வொன்றையும் அக்கா வேகமாக ஓட்டாமல், அதே வேகத்தில் முழுசாக உட்கார்ந்து பார்த்தது. போதும் அக்கா, ஓடுகிறது என்று நான் சொல்லியும் விடவில்லை. கடைசி காப்பி முடிந்தபோது கண்ணைத் திறக்கமுடியாமல் முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தது.

சோணைமுத்துவும் முருகம்மாளும் வந்தார்கள். அண்ணன் அவர்கள் கண்முன்னாலேயே முன்பக்கம் இருந்த வேறொரு டிவியில் ஒன்றைப் போட்டுக் காட்டினார். மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்ததும் அந்த மனிதர் கும்பிட்டார். டிவியைத்தான் கும்பிட்டார். முருகம்மாளுக்கும் முகம் மலர்ந்துவிட்டது. சிடி வந்த லாட்டே சரியில்லை, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அண்ணன் அளந்தார். அவள் அதைக் கேட்டமாதிரி தெரியவில்லை. பெட்டியின் மேலிருந்த பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, தாழ்த்தியதாக நினைத்துக்கொண்டு, கேட்டாள்.

“இந்தத் தடவை வேற ஆளுதான பாத்துச்சு?”

அண்ணன் என்னைப் பார்த்தார். தடுப்பைப் பார்த்தார். அதற்குப் பின்னால்தான் அக்கா இருந்தது, அன்றைக்கு அண்ணனே அந்தப் பிளைவுட் தடுப்பை இழுத்து அக்காவின் மூலையை மறைத்து வைத்திருந்தார்.

“ஆமாக்கா,” என்றார். “வேற ஆளுதான்.”

அவர்கள் சந்தோஷமாக இறங்கிப் போனார்கள். அண்ணனும் ஒரு ஃபோன் வந்ததாகச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே இறங்கிவிட்டார். நான் தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கேட்டுச்சா அக்கா, இப்பவே கீழே ஓடிப்போய் அந்தம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு வாரேன் என்றேன். நிஜமாகவே சொல்லியிருப்பேன், அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

அக்கா மூன்று டிவியிலிருந்தும் கண்ணை எடுக்கவில்லை. ஒன்றில் தெப்பக்குளம், ஒன்றில் பந்தி, நடுவில் இருந்ததில் தாலி கட்டப்போகிறார்கள். அதன் வேகத்தை மட்டும் குறைத்தது.

“வலிக்கத்தான் தம்பி செய்யிது. இல்லைங்கல,” என்றது. “விடு. அந்தப் புள்ள வீட்டுல இப்ப ஓடும்ல.”

கெட்டிமேளம் தொடங்கியது. அக்கா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, எங்கேயாவது நிற்கிறதா என்று பார்த்தது.